ஆலைக்குக் கடன் எவ்வளவு? ஐந்தொகையைப் படித்தறியும் முறை

கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பிய விவசாயி, பணம் கைக்கு வரும் நாள் வரை அந்த ஆலைக்குக் கடன் கொடுத்தவர் ஆகிறார். அவர் பத்திரம் எழுதி வாங்குவதில்லை, ஈடு கேட்பதில்லை. எடைச் சீட்டு ஒன்றே அவர் கையில் உள்ள ஆதாரம். அதே ஆலைக்குக் கடன் கொடுக்கும் வங்கியோ முதலில் ஆலையின் கணக்கை வாங்கிப் பார்க்கிறது. ஏற்கெனவே எத்தனை பேரிடம் கடன் உள்ளது, எதை அடமானம் வைத்திருக்கிறது, வட்டி கட்டும் அளவுக்கு வரும்படி உண்டா என்பதையெல்லாம் அறிந்த பிறகே பணம் தருகிறது. வங்கி பார்க்கும் அந்தக் கணக்கில் பெரும்பகுதியை விவசாயியும் பார்க்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது.

ஓர் ஏக்கருக்கு 40 டன் கரும்பு அனுப்பியதாக வைத்துக்கொண்டால், 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலைப்படி (9.5 சதவீதமும் அதற்குக் குறைவாகவும் சர்க்கரைக் கட்டுமானம் உள்ள ஆலைகளுக்கு டன்னுக்கு ரூ.3,290.50) ரூ.1,31,620 வர வேண்டும். ஓராண்டு உழைப்பின் பலன் முழுவதும் இந்த ஒரு தொகையில் அடங்கியிருக்கிறது. 1966ஆம் ஆண்டின் கரும்பு கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும். ஆறு மாதம் தாமதமானால் மேற்கண்ட தொகைக்கு வட்டி மட்டும் சுமார் ரூ.9,870 ஆகிறது. இந்த வட்டி தானாக வீடு தேடி வருவது அரிது. கேட்டுப் பெற்றவர்களும் சிலரே.

கணக்கு எங்கே கிடைக்கும்?

பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனமாக இருந்தால் ஆண்டறிக்கை அதன் இணையதளத்திலேயே இருக்கும். அப்படி இல்லாத நிறுவனங்களும் ஆண்டுதோறும் தங்கள் கணக்கைக் கம்பெனிகள் பதிவாளரிடம் கொடுத்தாக வேண்டும். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் செலுத்தி அதை யாரும் பார்க்கலாம். ஊருக்கு ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும். கல்லூரியில் வணிகவியல் படிக்கும் பிள்ளை ஊரில் இருந்தால் வேலை இன்னும் எளிது. கூட்டுறவு ஆலைகள் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. அவற்றின் கணக்கைச் சங்க உறுப்பினர் என்ற முறையில் பேரவைக் கூட்டத்தில் கேட்க வேண்டும்.

அறிக்கை நூறு இருநூறு பக்கம் இருந்தாலும் கடனை அறிய அதில் பத்துப் பக்கம் போதும். அவற்றுள் முதலாவது ஐந்தொகை. மார்ச் 31 அன்று நிறுவனத்திடம் என்ன இருந்தது, அது யாருடைய பணத்தால் வந்தது என்பதை அது காட்டும். பக்கத்தின் மேல் ஓரத்தில் 'ரூபாய் லட்சங்களில்' என்றோ 'கோடிகளில்' என்றோ சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இதைக் கவனிக்காமல் படித்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

ஓர் உதாரணம்

கணக்குக்காக ஓர் ஆலையைக் கற்பனை செய்துகொள்ளலாம். பங்குதாரர்கள் போட்ட மூலதனம் ரூ.20 கோடி, பல ஆண்டு லாபத்தில் சேர்த்து வைத்த நிதி ரூ.60 கோடி. ஆக, சொந்தப் பணம் ரூ.80 கோடி. நீண்டகாலக் கடன் ரூ.90 கோடி. குறுகியகாலக் கடன் ரூ.110 கோடி. சரக்கு கொடுத்தவர்களுக்குத் தர வேண்டிய பாக்கி ரூ.70 கோடி, இதில் கரும்புப் பாக்கி மட்டும் ரூ.50 கோடி. இதர பொறுப்புகள் ரூ.10 கோடி. மொத்தம் ரூ.360 கோடி.

இந்த ரூ.360 கோடி எங்கே இருக்கிறது? நிலம், கட்டடம், இயந்திரங்களில் ரூ.170 கோடி. கிடங்கில் உள்ள சர்க்கரை ரூ.120 கோடி. விற்ற சரக்குக்கு வர வேண்டியது ரூ.35 கோடி. பிறருக்குக் கொடுத்த முன்பணம் ரூ.30 கோடி. ரொக்கமும் வங்கி இருப்பும் ரூ.5 கோடி.

'ஆலைக்குக் கடன் எவ்வளவு' என்று கேட்டால் மேலாளர் '90 கோடி' என்று சொல்லக்கூடும். அது நீண்டகாலக் கடன் மட்டுமே. வங்கியிலும் பிற இடங்களிலும் வாங்கிய கடன் இரண்டு இடங்களில் இருக்கும். ஓராண்டுக்கு மேல் தவணை உள்ளவை ஓரிடத்தில். ஓராண்டுக்குள் கட்ட வேண்டியவை வேறிடத்தில். நீண்டகாலக் கடனில் வரும் ஆண்டு கட்ட வேண்டிய தவணையும் இந்த இரண்டாவது இடத்திலேயே சேரும். 2021 ஏப்ரலுக்கு முன் இந்தத் தவணை 'இதர பொறுப்புகள்' என்ற தலைப்பில் ஒதுங்கியிருந்தது. பழைய ஆண்டறிக்கையையும் புதியதையும் ஒப்பிடுவோர் இதை மனதில் கொள்ள வேண்டும். நம் உதாரணத்தில் குறுகியகாலக் கடன் ரூ.110 கோடியில் ரூ.25 கோடி இத்தகைய தவணை என்றும், மீதி ரூ.85 கோடி சர்க்கரை இருப்பின் பேரில் வாங்கிய நடைமுறைக் கடன் என்றும் கொள்வோம்.

ஆகவே வட்டிக்கு வாங்கிய கடன் ரூ.200 கோடி. சொந்தப் பணம் ரூ.80 கோடிக்கு இது இரண்டரை மடங்கு. ஒரு ரூபாய் வைத்திருப்பவர் இரண்டரை ரூபாய் கடன் வாங்கி வெள்ளாமை செய்வது போல. கரும்புப் பாக்கியையும் மற்றப் பொறுப்புகளையும் சேர்த்தால் பிறர் பணம் ரூ.280 கோடி, அதாவது மூன்றரை மடங்கு. வங்கிகள் பெரும்பாலும் முதல் கணக்கைப் பேசும். விவசாயி இரண்டாவது கணக்கைப் பார்ப்பது நல்லது. ஏனெனில் அவருடைய பணம் அதில்தான் இருக்கிறது.

கடன் அதிகம் என்பதாலேயே ஆலை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. 2018 முதல் மத்திய அரசின் வட்டி மானியத்துடன் பல ஆலைகள் எத்தனால் வடிப்பாலை கட்டக் கடன் வாங்கின. ஆழ்குழாய்க் கிணறு போடக் கடன் வாங்கியவரும், சீட்டாடக் கடன் வாங்கியவரும் ஒன்றல்ல. கடனால் வந்த சொத்து கடனைக் கட்டும் அளவு சம்பாதிக்கிறதா என்பதே கேள்வி.

வட்டி கட்ட வரும்படி உண்டா?

இதற்கு லாப நட்டக் கணக்கைப் பார்க்க வேண்டும். நம் ஆலைக்கு வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் ரூ.18 கோடி, வட்டிச் செலவு ரூ.20 கோடி என்று வைத்துக்கொள்வோம். வட்டிக்கே ரூ.2 கோடி குறைகிறது. தேய்மானம் என்று எழுதிய ரூ.10 கோடி கையை விட்டுப் போகாத செலவு என்பதால் அதைத் திரும்பச் சேர்க்கலாம். அப்போது கையில் வருவது ரூ.28 கோடி. வட்டி ரூ.20 கோடி போக மீதி ரூ.8 கோடி. ஆனால் கட்ட வேண்டிய தவணையோ ரூ.25 கோடி. துண்டு விழுவது ரூ.17 கோடி.

இந்த ரூ.17 கோடி எங்கிருந்து வரும்? வங்கி புதுக் கடன் தரலாம். முதலாளிகள் கூடுதல் மூலதனம் போடலாம். இரண்டும் இல்லாவிட்டால், வட்டிச் சீட்டு அனுப்பாத, ஈடு கேட்காத, அடுத்த பருவத்துக்கும் அதே ஆலைக்கே கரும்பு அனுப்பியாக வேண்டிய ஒருவரின் பணத்தை நிறுத்தி வைப்பதே ஆலைக்கு எளிது. கரும்புப் பாக்கி ஏறுவதற்குக் காரணம் எப்போதும் சர்க்கரை விலை மட்டுமல்ல. வங்கித் தவணைக்கும் வரும்படிக்கும் உள்ள இந்த இடைவெளி ஓராண்டு முன்னதாகவே கணக்கில் தெரிந்துவிடுகிறது. வட்டிக்கு முந்தைய லாபம் வட்டியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் ஓரளவு நிம்மதி. ஒரு மடங்குக்குக் கீழே போனால் கரும்புப் பதிவு செய்யும் முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

கிடங்கில் சர்க்கரை மூட்டை மலைபோல் அடுக்கியிருப்பதைப் பார்த்து, 'இத்தனை சரக்கு இருக்கும்போது நம் பணம் எங்கே போய்விடும்' என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. அந்த மூட்டைகள் ஏற்கெனவே வங்கிக்கு ஈடாகிவிட்டவை. நம் உதாரணத்தில் ரூ.120 கோடிச் சர்க்கரையில் வங்கியின் ரூ.85 கோடியைக் கழித்தால் மிஞ்சுவது ரூ.35 கோடி. கரும்புப் பாக்கியோ ரூ.50 கோடி. சர்க்கரை விலை 10 சதவீதம் இறங்கினால் மிச்சம் ரூ.23 கோடியாகச் சுருங்கும். விலை இறக்கத்தின் அடி வங்கியின் மீது விழாமல் முதலில் விவசாயியின் மீது விழுவதை இதிலிருந்து அறியலாம்.

ஓராண்டுக்குள் பணமாகக்கூடியவை (சர்க்கரை, வர வேண்டியவை, முன்பணம், ரொக்கம்) ரூ.190 கோடி. ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டியவையும் ரூ.190 கோடி. கணக்குச் சமமாக இருக்கிறதே என்று தோன்றும். அந்த ரூ.30 கோடி முன்பணம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று பின்குறிப்புகளில் தேட வேண்டும். அதே முதலாளியின் வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்ததாக இருந்தால், அது எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது.

எந்த நாள் கணக்கு?

சர்க்கரை ஆலையின் கடன் பருவத்தோடு ஏறி இறங்கும். அரவை நடக்கும் சில மாதங்களில் கரும்பு வாங்கக் கடன் ஏறும். ஆண்டு முழுவதும் சர்க்கரை விற்க விற்கக் கடன் இறங்கும். மார்ச் 31 அன்று இருப்பும் கடனும் உச்சத்தை ஒட்டி இருப்பது இயல்பு. ஆகவே அந்த ஒரு நாளின் கணக்கை மட்டும் பார்த்து மிரள வேண்டாம். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் செப்டம்பர் 30 அன்றைய நிலவரத்தையும் வெளியிடுகின்றன. சர்க்கரை பெரும்பாலும் விற்றுத் தீர்ந்திருக்க வேண்டிய காலம் அது. அப்போதும் குறுகியகாலக் கடன் இறங்காமலும், கரும்புப் பாக்கி தீராமலும் இருந்தால், சர்க்கரை விற்ற பணம் வேறு வழியில் போயிருக்கிறது என்று கொள்ளலாம். மூன்று நான்கு ஆண்டுக் கணக்கை வரிசையாக வைத்துப் பார்ப்பதற்கு ஈடான வழி வேறில்லை.

2021-22 முதல் இன்னொரு வசதியும் வந்துள்ளது. சரக்கு கொடுத்தவர்களுக்கான பாக்கி எத்தனை காலமாக நிற்கிறது என்று நிறுவனம் பிரித்துக் காட்ட வேண்டும்: ஓராண்டுக்குள், 1 முதல் 2 ஆண்டு, 2 முதல் 3 ஆண்டு, 3 ஆண்டுக்கு மேல் என்று. ஓராண்டைத் தாண்டிய கட்டங்களில் பெரிய எண் இருந்தால், 14 நாள் சட்டம் அந்த ஆலையில் என்ன பாடுபடுகிறது என்று விளங்கும்.

தணிக்கையாளரின் அறிக்கையையும் விட்டுவிடலாகாது. அதன் பின்னிணைப்பில், வங்கித் தவணை கட்டத் தவறியது உண்டா, ஓராண்டுக்குள் வரும் பொறுப்புகளை நிறுவனம் தீர்க்க முடியுமா என்பவற்றுக்குத் தணிக்கையாளர் பதில் எழுதியாக வேண்டும். 'நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் ஐயம்' என்ற பொருளில் ஒரு வரி அங்கே இருந்தால், மற்றப் பக்கங்களில் உள்ள வண்ணப் படங்களைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

ஐந்தொகையில் ஏறாத கடன்

நிறுவனம் ஒப்புக்கொள்ளாத கோரிக்கைகளும், பிறருக்காகக் கொடுத்த ஜாமீன்களும் ஐந்தொகையின் கூட்டலில் சேருவதில்லை. 'நேரிடக்கூடிய பொறுப்புகள்' என்ற தலைப்பில் பின்குறிப்பாக மட்டும் வரும். கரும்பு விலை குறித்து வழக்கு நடந்தால், விவசாயிகள் கேட்கும் தொகையை ஆலை இங்கே எழுதிவிட்டுப் போகலாம். விவசாயிகள் பாக்கி என்று சொல்லும் தொகைக்கும் ஆலை காட்டும் தொகைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் சில இடங்களில் தோன்றுவது இதனால்தான்.

இதைவிடக் கவனம் தேவைப்படுவது ஆலையின் சிபாரிசில் பெறும் பயிர்க்கடன். வங்கி விவசாயியின் பெயரில் கடன் தருகிறது. ஆலை கரும்புப் பணத்தில் பிடித்து வங்கிக்குக் கட்டுகிறது. ஒழுங்காக நடந்தால் இருவருக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் கடன்காரர் விவசாயிதான், ஆலை அல்ல. பிடித்த பணத்தை ஆலை வங்கிக்குக் கட்டாவிட்டால் நோட்டீஸ் விவசாயியின் வீட்டுக்கே வரும். தஞ்சாவூர் மாவட்டம் திருமண்டங்குடியில் 2022இன் இறுதியில் விவசாயிகள் தொடங்கிய நெடிய போராட்டத்துக்கு, கரும்புப் பாக்கியோடு, தங்கள் பெயரில் வங்கிகளில் பெறப்பட்ட கடன்களும் காரணமாயின. அதற்குள் ஆலை திவால் நடவடிக்கையில் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது.

இத்தகைய கடன் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது வங்கிக்கு நேரில் போய்த் தங்கள் கடன் கணக்கின் நகலைப் பெற வேண்டும். ஆலை பிடித்த தொகையும் வங்கியில் வரவான தொகையும் ஒத்துப் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். நிரப்பப்படாத படிவத்தில் கையெழுத்திடவே கூடாது. வங்கிகளில் 'உங்கள் பெயரில் வேறு கடன் உண்டா' என்று கேட்டறிவதும் அவசியம்.

ஆலைக்கும் வில்லங்கச் சான்று

நிலம் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்காதவர் இல்லை. கம்பெனிகளுக்கும் அப்படி ஒன்று உண்டு. சொத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கினால் அதைக் கம்பெனிகள் பதிவாளரிடம் பதிய வேண்டும். எந்த வங்கி, எவ்வளவு தொகை, எந்தத் தேதி, கடன் தீர்ந்துவிட்டதா என்ற பட்டியலை அமைச்சகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். அதில் உள்ள தொகை அனுமதித்த கடன் வரம்பு. இன்றைய பாக்கி அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். எனினும் குறுகிய காலத்தில் புதுப்புது இடங்களில் ஈடு வைத்திருப்பது தெரிந்தால், நகையை ஒரு கடையில் மீட்டு மறு கடையில் வைக்கும் குடும்பத்தின் நிலைதான் அது.

ஆலை நொடித்துக் கலைக்கப்பட்டால் யாருக்கு முதலில் பணம் என்பதை 2016ஆம் ஆண்டின் திவால் சட்டம் வரிசைப்படுத்தியுள்ளது. நடவடிக்கைச் செலவு முதலில். அடுத்து, தொழிலாளரின் 24 மாதச் சம்பளப் பாக்கியும் ஈடு பெற்ற வங்கிகளும் சமமாக. பின்னர் மற்ற ஊழியர்களின் 12 மாதப் பாக்கி. பின்னர் ஈடில்லாமல் பணம் கடன் கொடுத்தவர்கள். பின்னர் அரசின் பாக்கி. இதற்கும் பிறகே 'இதர கடன்கள்'. சரக்கு கொடுத்தவர் என்ற முறையில் கரும்பு விவசாயி பொதுவாக இந்தக் கடைசி வரிசையில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் பங்குதாரர்கள் மட்டுமே.

ஆகவே ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே பாக்கியைக் கேட்பது முக்கியம். நில வரி பாக்கியைப் போல் கரும்புப் பாக்கியை வசூலிக்கவும் 1966 ஆணையில் இடமுண்டு. இதற்கு மாவட்ட ஆட்சியரை அணுக வேண்டும். திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டால் நாளிதழில் அறிவிப்பு வரும். அதில் குறித்த தேதிக்குள் ஒவ்வொருவரும் தம் பாக்கியை ஆதாரத்துடன் எழுதிக் கொடுக்க வேண்டும். எடைச் சீட்டு, வெட்டு உத்தரவு, பதிவு ஒப்பந்தம், வங்கிப் பாஸ்புத்தகம் ஆகியவற்றைப் பருவம் முடிந்ததும் குப்பையில் போடாமல் வைத்திருந்தால்தான் இது முடியும்.

நம் சொந்தக் கம்பெனி

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்கு வாங்கியவர்களுக்கு இதே கணக்கு வேறு விதத்தில் பொருந்தும். அங்கே விவசாயி கடன் கொடுத்தவர் மட்டுமல்லர், உடைமையாளரும் ஆவார். 500 பேர் தலைக்கு ரூ.2,000 போட்டால் மூலதனம் ரூ.10 லட்சம். 2020இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி தகுதி பெற்ற நிறுவனத்துக்கு உறுப்பினருக்கு ரூ.2,000 வரை, மொத்தம் ரூ.15 லட்சத்துக்கு மிகாமல், பங்கு மானியமும் உண்டு. ஆக ரூ.20 லட்சம் சொந்தப் பணம். இதன் மேல் வங்கியில் ரூ.25 லட்சமும், உரக் கம்பெனியிடம் சரக்காக ரூ.15 லட்சமும் கடன் வாங்கியிருந்தால் பிறர் பணம் ரூ.40 லட்சம், இரண்டு மடங்கு.

இங்கே பெரும்பாலும் ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது. உறுப்பினர்களே உரத்தைக் கடனுக்கு எடுத்துச் சென்று, 'வர வேண்டியவை' ரூ.22 லட்சம் என்று கணக்கில் நிற்கும். கேட்கச் சங்கடப்பட்டு இயக்குநர்கள் விட்டுவிடுவார்கள். அந்த ரூ.22 லட்சம் வராது போனால் ரூ.20 லட்சம் சொந்தப் பணம் அனைத்தும் கரைந்து, மேலும் ரூ.2 லட்சம் பள்ளம் விழும். சாதாரண உறுப்பினருக்கு நட்டம் அவர் போட்ட பங்குத் தொகையோடு நிற்கும். வங்கியில் சொந்த ஜாமீன் கையெழுத்திட்ட இயக்குநரின் நிலை வேறு. அவருடைய நிலத்துக்கே வில்லங்கம் வரலாம். ஈடில்லாமல் ரூ.2 கோடி வரை கடன் பெற உதவும் உத்தரவாத நிதியும் அதே திட்டத்தில் இருப்பதால், பட்டாவைக் கொண்டு வரச் சொல்லும் வங்கியிடம் முதலில் அதைப் பற்றிக் கேட்க வேண்டும்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக அறிவிப்பும், தணிக்கை செய்த ஐந்தொகையும் லாப நட்டக் கணக்கும் உறுப்பினருக்கு வந்து சேர வேண்டும் என்பது சட்டம். வராவிட்டால் எழுதிக் கேட்கலாம். வந்ததும் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று எண்கள்: வாங்கிய கடன், சொந்தப் பணம், உறுப்பினர்களிடமிருந்து வர வேண்டியது. மூன்றாவது எண் இரண்டாவதைத் தாண்டியிருந்தால், யார் யாரிடம் எவ்வளவு பாக்கி என்ற பட்டியலைக் கூட்டத்தில் படிக்கச் சொல்லிக் கேட்க ஒவ்வோர் உறுப்பினரும் தயங்க வேண்டியதில்லை.